சாதா பன்

கோவில்பட்டியில் புதிதாகத் திறந்த பேக்கரியில், பூண்டும் சீஸும் மணக்கும் பன்களுக்கு நடுவே சாதா பன் கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப யாரு திங்காவ, அக்கா? நாங்க போடுததில்ல" என்றாள் கடைப்பெண்.

என் சிறுவயதில் அதே இடத்தில் இருந்த ரொட்டிக்கடையில், விறகுப் புகையும் வெந்த மாவின் மணமுமாக, அடுப்பிலிருந்து தகரத்தட்டை இழுக்கும் சத்தம் கேட்கும்வரை தினமும் சாயங்காலம் காத்து நின்று, பெரியாஸ்பத்திரியில் கிடந்த அம்மாவுக்குச் சூடாக ஒரு பன் வாங்கிப் போவேன். பாலில் நனைத்த அந்தப் பன் மட்டும்தான் அவளுக்கு உள்ளே இறங்கும். எனக்கும் ஓர் ஓரம் பிய்த்துத் தருவாள்.

ஒருநாள், "நீயே தின்னுட்டி, எனக்கு இறங்க மாட்டேங்கு" என்றாள். முழுப் பன்னும் கிடைத்த சந்தோஷத்தில், அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தின்று முடித்தேன்.

மறுநாள் அம்மா இல்லை. பன்னை முழுசாகத் தந்த அன்றைக்கு அவள் முகம் எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியாது.