வெட்டு ஆர்டர்

கல்யாணத்துக்குப் பிறகும் சென்னை வேலையை விடாமல், சின்னசேலம் பக்கத்தில் கணவர் ஊரில், மாமனார் வீட்டிலிருந்தே பார்த்து வந்தேன். நெட் ஒழுங்காகக் கிடைப்பது பின்பக்க அறையில் மட்டும்தான். உர மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். காலையில் கதவைச் சாத்தினால் வேலை முடியும் வரை கேமரா முன்னால் அசையாமல் இருக்க வேண்டும்.

என் வேலை மென்பொருள் சோதனை. சர்க்கரை ஆலைகள் விவசாயிகளுக்கு அனுப்பும் செய்திகளைக் கொண்டுசேர்க்கும் மென்பொருள் அது. என்ன செய்தி, யாருக்கு, எந்த மொழியில் என்று அமைத்து 'பப்ளிஷ்' பொத்தானை அழுத்துவேன். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று திரையில் பார்ப்பேன். சோதனைச் செய்தி எதுவும் வெளியே போகாது என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

அன்று, 'உங்கள் கரும்பை வெட்டலாம்' என்று ஒரு செய்தியை அமைத்து அனுப்பினேன். சற்று நேரத்தில் கதவுக்கு வெளியே, போனில் பேசும் மாமாவின் குரல்.

"மேஸ்திரி, ஆர்டர் வந்துட்ச்சி! மலையிலேர்ந்து ஆளுங்கள இட்டுகினு வா. ஜாஸ்தியா வேணும்."

ஆலை தரும் வெட்டு ஆர்டருக்காக அவர் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தார். கரும்பு பூத்து, எடை குறைய ஆரம்பித்திருந்தது. "சார், மெசேஜ் நிஜ நம்பருக்குப் போகுது" என்று ஹெட்செட்டில் குழுத் தலைவரிடம் சொன்னேன்.

"சான்ஸே இல்ல. எழுந்து போயிடாதீங்க. இன்னொரு தடவை பப்ளிஷ் பண்ணுங்க, பார்ப்போம்."

வெளியே மாமா லாரிக்குப் பேசிக்கொண்டிருந்தார். ஆட்களுக்குச் சோறாக்க அத்தை பெரிய குண்டானை இறக்கும் சத்தம் கேட்டது. பொத்தானை அழுத்தவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. தலைவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனேன்.

"மாமா, அது நான் அனுப்புன மெசேஜ். டெஸ்டிங். ஆலையிலேர்ந்து வரல."

அவருக்குப் புரியவே நேரமானது. "இன்னாம்மா சொல்ற? உள்ள குந்திகினு நீயா அனுப்புற?"

திட்டவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேஸ்திரியைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்வதற்குள் ஆட்கள் வேன் ஏறிவிட்டிருந்தார்கள். வந்து சாப்பிட்டுவிட்டு, வேலையில்லாமல் மலைக்குத் திரும்பினார்கள்.

ஆலை கொடுத்த நிஜ எண்களை அப்படியே சோதனையில் ஏற்றியிருந்தது பிறகு தெரிந்தது. மாற்றினார்கள். கேட்காமல் எழுந்து போனதற்காக எனக்குக் கண்டிப்பு வந்தது. வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றியது. விட்டால் இந்த ஊரில் வேறு எங்கே கிடைக்கும்?

அதற்கப்புறம் போனில் எது வந்தாலும் மாமா என் கதவைத் தட்டினார். உண்மையான ஆர்டர் வந்தபோதும் அப்படித்தான், போனை நீட்டிக்கொண்டு நின்றார்.

"இதுவும் உன்னுதாம்மா?"

"இல்ல மாமா. இது நெசமாவே ஆலையிலேர்ந்துதான்."

தலையாட்டினார். ஆனால் மேஸ்திரிக்குப் போன் போடவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு, நேரில் கேட்க ஆலைக்கே போய்விட்டார்.