பிப்ரவரி இருபத்தெட்டோடு நிறுத்தம்

ராஸ்லின் டூடெக்குக்கு முப்பத்தெட்டு வயது. எங்கள் மாவட்டத்தின் அவசர அழைப்பு மையத்தில் பன்னிரண்டு வருடமாக எனக்குப் பக்கத்து மேசை. 911 அழுத்தினால் பகல் நேரத்தில் முதலில் கேட்பது பெரும்பாலும் அவள் குரல்தான். தணிந்த, பதற்றமே இல்லாத குரல். ஆற்றங்கரை ஊர்களில் பாதிப் பேருக்கு அந்தக் குரலைத் தெரியும். மளிகைக் கடையில் மோட்டார் நாற்காலியில் தங்களைக் கடந்துபோகும் ஒல்லிப் பெண்தான் அது என்று தெரியாது.

பிறவியிலேயே தசைகள் வலுவிழக்கும் நோய் அவளுக்கு. வலது கையில் மூன்று விரல்கள் நன்றாக வேலை செய்யும். அதை வைத்தே நாற்காலியை ஓட்டுவாள், கணினியை இயக்குவாள். ஆனால் கட்டிலில் தானாகப் புரண்டு படுக்கக்கூட முடியாது. அதிகாலை ஐந்து மணிக்கு ட்வைலா என்கிற உதவியாளர் வருவாள். பட்டை கட்டித் தூக்கும் இயந்திரத்தால் ராஸைத் தூக்கி, குளிப்பாட்டி, உடுத்தி, நாற்காலியில் உட்காரவைத்து, முட்டையும் ரொட்டியும் ஊட்டி, ஏழு மணிக்குள் வேனில் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்குவாள். சாயங்காலமும் அப்படியே. ட்வைலாவுக்கான கூலியை அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட்தான் கொடுத்தது.

அது ஏழைகளுக்கான திட்டம். ஓரளவுக்கு மேல் சம்பாதித்தால் கிடையாது. ஆனால் வேலை பார்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கு, வருமான வரம்பு உயர்ந்த தனிப் பிரிவு ஒன்று உண்டு. மாதாமாதம் ஒரு சிறு தொகை கட்டினால் மெடிகெய்ட் அட்டை நிலைக்கும். பன்னிரண்டு வருடமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் அவள் கட்டிவந்தாள்.

அந்த டிசம்பரில் இயக்குநர் கைசர் எல்லாரையும் கூப்பிட்டு, பகல் ஷிஃப்டுக்கு இனி ராஸ்தான் தலைமை என்றார். நாங்கள் கை தட்டினோம். அவள் சிரிக்கவில்லை.

"சம்பளம் எவ்வளவு கூடும்?" என்றாள்.

"அட, கேட்ட உடனே நீ குதிப்பேன்னு நெனச்சேன்."

"குதிக்கிற வியாதி எனக்கில்லையே கைசர்," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். "ஒரு வாரம் டைம் குடுங்க. அட்டை ஆபீஸ்ல எழுத்துல வாங்கிட்டு வந்து சொல்றேன்."

அப்படியே வாங்கினாள். புதிய சம்பளமும் வரம்புக்குள்தான், அட்டைக்கு ஒன்றும் ஆகாது என்று மாவட்ட நலத்துறை அலுவலகத்திலிருந்து இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. ஜனவரியில் பதவியை ஏற்றாள்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கடிதத்தை என் பக்கம் தள்ளினாள்.

"ஆர்வின், இதை சத்தமாப் படி. நான் தப்பாப் படிச்சிருந்தாலும் படிச்சிருப்பேன்."

தப்பாகப் படிக்கவில்லை. 'வருமானம் வரம்பை மீறியதால் உங்கள் மருத்துவக் காப்பீடும் வீட்டுப் பராமரிப்பு உதவியும் பிப்ரவரி 28ஆம் தேதியோடு நிறுத்தப்படுகின்றன.' கீழே சின்ன எழுத்தில் இன்னொரு விஷயம். முடிவு தவறு என்று நினைத்தால் மேல்விசாரணை கேட்கலாம். குறிப்பிட்ட தேதிக்குள் கேட்டுவிட்டால், தீர்ப்பு வரும்வரை எதையும் நிறுத்த மாட்டார்கள். அந்தத் தேதி வெள்ளிக்கிழமை. கடிதம் ஒன்பது நாளாகத் தபாலில் எங்கேயோ சுற்றிவிட்டு வந்திருந்தது.

"இது ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு," என்றேன். "அந்த மெயிலைக் காட்டினா சரியாயிடும்."

"யாருக்குக் காட்டறது? போன் எடுத்தாத்தானே."

எடுக்கவில்லை. மீதி இடைவேளை முழுக்கக் காத்திருப்பு இசையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அதுவே துண்டித்துக்கொண்டது. ஃபேக்ஸ் அனுப்பினாள், போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வரவில்லை. வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் ட்வைலா அவளை நேரில் அழைத்துப்போனாள். வியாழன் மதியங்களில் அலுவலகம் மூடியிருக்கும் என்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்ததாம்.

கைசர் நல்ல மனுஷன்தான். அன்றைக்கு அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வேணும்னா பழைய பதவிக்கே மாத்திடறேன். ஒரு லெட்டர் குடு போதும்," என்றிருக்கிறார். வெளியே வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"அப்படிச் செய்யப்போறியா?" என்று கேட்டேன்.

"தெரியல," என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதுவரை நான் கேட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. காலையிலிருந்து பனிமழை. தரையில் விழுந்ததெல்லாம் கண்ணாடியாக உறைந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்கு ராஸின் ஷிஃப்ட் முடியும், ட்வைலா வேனில் காத்திருப்பாள், நாலு மணிக்கு அலுவலகம் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது ஏற்பாடு. இரண்டே முக்காலுக்கு எனக்குப் போன் வந்தது.

"அடுத்த ஷிஃப்ட்ல ரெண்டு பேரால வர முடியல. ஒருத்தர் கார் பள்ளத்துல கிடக்கு. ட்வைலா வேனும் இன்னும் வரல. என்னால மேசையை விட்டு எழுந்திருக்க முடியாது. எப்பவும்தான் முடியாது. சிரிக்காதே. நீ வர்றியா?"

நான் போனபோது மணி மூன்று பத்து. மையத்தில் இரண்டே பேர், எல்லா அழைப்பு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. அவளுக்குப் பதிலாக நான் மேசையில் உட்காரலாமா என்று கேட்டேன்.

"ஷிஃப்ட் தலைமை பேர்ல கையெழுத்துப் போட்டவ நான். ரோடு முழுக்க ஆள் விழுந்து கிடக்கற நேரத்துல எழுந்து போனா நாளைக்கு யாரும் என்னை மதிக்க மாட்டாங்க. மேல்விசாரணை பேப்பரை நீ கொண்டு போ. கீழ, எனக்காகக் கொடுக்கறவர்னு ஒரு கட்டம் இருக்கு பாரு. உன் பேரை எழுது. கையெழுத்து நான் போடறேன்."

பேனாவை அவள் விரல்களுக்கு நடுவே செருகினேன். அவள் கையெழுத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும். 'ராஸ்லின்' வரை வந்திருந்தாள். அழைப்பு வந்தது.

"911. என்ன ஆச்சு, எங்கேயிருந்து பேசறீங்க?"

ஒரு பெண்ணின் அலறல் எனக்கே கேட்டது. உறைபனி கரைய உப்புத் தூவப் போன கணவர் வாசலிலேயே விழுந்துவிட்டார், மூச்சு இல்லை. ராஸ் பேனாவைக் கீழே விட்டாள். ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டு, "அவரை மல்லாக்கப் படுக்க வைங்கம்மா. நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வைங்க. நான் எண்ணறேன், நீங்க அழுத்துங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

மூன்று பதினைந்து. மூன்று இருபது. அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நடுவில், "நிறுத்தாதீங்க, நல்லாப் பண்றீங்க, கை வலிச்சாலும் நிறுத்தாதீங்க." மறுபடியும் ஒன்று, இரண்டு. நான் பாதிக் கையெழுத்தோடு தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடிகாரத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

மூன்று இருபத்தெட்டுக்கு ஆம்புலன்ஸ்காரர்களின் குரல் கேட்டது. இணைப்பு அறுந்தது. அந்த மனிதர் பிழைத்தாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் வேலையில் பெரும்பாலும் அது தெரியாது.

"பேனா," என்றாள். மறுபடி செருகினேன். 'டூடெக்' என்பது கோடாக இழுத்துக்கொண்டு போனது.

ஒரு நகலும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எட்டு மைல். டிரக்கை இருபதுக்கு மேல் ஓட்ட முடியவில்லை. பாலத்தில் ஒருமுறை வண்டி குறுக்கே திரும்பியது. நான் அலுவலக வாசலில் குதித்தபோது மூன்று ஐம்பத்தாறு. காவலாளி கதவுக்கருகே சாவியோடு நின்றான்.

"டோக்கன் முடிஞ்சிடுச்சு சார். திங்கக்கிழமை வாங்க."

"திங்கக்கிழமை வந்து பிரயோஜனம் இல்லப்பா. இன்னைக்குத்தான் கடைசி. ஒரே ஒரு முத்திரை."

அவன் என் பூட்ஸைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், நகர்ந்து நின்றான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்குப் பயங்கரச் சளி. மூக்கைத் துடைத்துக்கொண்டே, "சிஸ்டத்தை மூடியாச்சு," என்றாள்.

"சிஸ்டம் வேண்டாம் மேடம். தேதி முத்திரை குத்துங்க போதும். ரெண்டு தாள்லயும். ஒண்ணை நான் எடுத்துட்டுப் போறேன்."

"இந்தக் கையெழுத்து என்ன இப்படி இருக்கு?"

"அது அவ கையெழுத்துதான். பேனா பிடிக்கறதே அவளுக்குக் கஷ்டம்."

அவள் இன்னொரு முறை பார்த்துவிட்டு முத்திரையை எடுத்தாள். இரண்டு முறை குத்தினாள். முத்திரையில் நேரமும் விழும் என்பதை அப்போதுதான் கவனித்தேன். 3:59.

பிரச்சினை அதோடு தீர்ந்தது என்று நான் நினைத்தேன். ராஸ் நினைக்கவில்லை. அவள் நினைத்ததே சரியாகப் போயிற்று.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை பிறந்தது. ட்வைலாவை அனுப்பும் நிறுவனத்தின் கணினியில் ராஸ் பெயருக்கு நேரே 'முடிந்தது' என்று வந்துவிட்டது. போகக் கூடாது என்று ட்வைலாவுக்கு உத்தரவு. ஆனாலும் அன்று ஐந்து மணிக்கு ட்வைலா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்திருக்கிறாள்.

"உன்னை வரக் கூடாதுன்னுதானே சொன்னாங்க?" என்று ராஸ் கேட்டிருக்கிறாள்.

"நான் வாக்கிங் வந்தேன் கண்ணு. வழியில உன் வீடு நின்னுச்சு. நான் என்ன பண்ண?"

அன்று ராஸ் வேலைக்கு வந்துவிட்டாள். ஆனால் வேனிலேயே இருவருக்கும் சண்டை. தூக்கும்போது பட்டை நழுவி ஏதாவது ஆனால் நிறுவனம் கைவிரித்துவிடும், ட்வைலாவின் வேலையும் போய்விடும் என்று ராஸ் பிடிவாதம் பிடித்தாள். "நாளைக்கு நீ வந்தா கதவை உள்ளேர்ந்து பூட்டிடுவேன்," என்றாளாம். பூட்ட அவளால் முடியாது என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் செவ்வாய்க்கிழமை ட்வைலா வரவில்லை. நானும் என் மனைவியும் வருகிறோம் என்றேன். ராஸ் அதையும் மறுத்துவிட்டாள்.

"உன்கூட வேலை பாக்கணும் ஆர்வின். நீ என்னைக் குளிப்பாட்டினா அப்புறம் உன்னை எப்படித் திட்டறது?"

பகலில் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கவும் திருப்பிப் படுக்கவைக்கவும் மட்டும் பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு முறை வந்துபோனாள். மற்றபடி அன்று முழுவதும் ராஸ் கட்டிலில் கிடந்தாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக வேலைக்கு வரவில்லை. காதருகே ஸ்பீக்கரில் போன். நலத்துறை, பராமரிப்பு நிறுவனம், மறுபடி நலத்துறை. யார் எடுத்தாலும் ஒரே வாக்கியம்: "என் கையில மூணு ஐம்பத்தொன்பதுன்னு முத்திரை போட்ட தாள் இருக்கு. அதுல இருக்கற தேதியைப் படிக்கவா?" மதியம் இரண்டு மணி போல ஒருவர் அவள் படிப்பதைக் கடைசிவரை கேட்டார். மூன்று மணிக்குக் கணினியில் 'முடிந்தது' மறைந்தது. ட்வைலா நாலு மணிக்கே வந்து நின்றாள்.

விசாரணை மார்ச் கடைசியில், தொலைபேசி வழியாக. எங்கள் ஓய்வறையில் உட்கார்ந்து பேசினாள். சாட்சியாக என்னையும் இருக்கச் சொன்னாள். விசாரணை அதிகாரி நிதானமாகப் பேசும் பெரியவர். நலத்துறை சார்பில் பேசியவர் வருமானக் கணக்கைப் படித்தார், வரம்பைப் படித்தார், மீறியிருக்கிறது என்றார்.

"எந்தப் பிரிவோட வரம்பு அது?" என்று ராஸ் கேட்டாள்.

மறுமுனையில் தாள் புரளும் சத்தம். "பொதுப் பிரிவு."

"நான் பன்னெண்டு வருஷமா அதுல இல்லையே. வேலை பாக்கறவங்களோட பிரிவுலதானே இருக்கேன். மாசாமாசம் பணம் கட்டறேன். போன மாசமும் வாங்கிக்கிட்டீங்க."

சம்பள மாற்றத்தைப் பதிவுசெய்தபோது பழைய பிரிவு மூடப்பட்டு, கோப்பு பொதுப் பிரிவில் திறக்கப்பட்டிருக்கலாம் என்று நலத்துறைக்காரர் மெல்ல ஒப்புக்கொண்டார். அதிகாரி இன்னொன்று கேட்டார்.

"தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன் மிஸ் டூடெக். உங்க வேலையிலயே காப்பீடு இருக்கு. அது போதாதா?"

"அது டாக்டரைப் பாக்கப் பணம் குடுக்கும் சார். காலையில என்னைக் கட்டில்லேர்ந்து தூக்க யாரையும் அனுப்பாது. ஆள் வந்தாத்தான் நான் வேலைக்கு வர முடியும். இந்த அட்டை இருந்தாத்தான் ஆள் வரும். இவங்க அட்டையைப் பிடுங்கினா, எந்தச் சம்பளம் அதிகம்னு சொல்றாங்களோ அந்தச் சம்பளமே எனக்கு இருக்காது."

அவர் எழுதிக்கொள்வது கேட்டது. வேறு கேள்வி கேட்கவில்லை.

தீர்ப்புக்காகக் காத்திருந்த பதினேழு நாளும் அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பதவி வேண்டாம் என்று கைசருக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்து கணினியில் வைத்திருந்தாள். தேதி மட்டும் போடவில்லை. தபால் நேரம் நெருங்கினால் ட்வைலாவுக்குப் போன் செய்து, "பெட்டியைப் பாத்தியா?" என்பாள்.

பதினெட்டாம் நாள் ட்வைலாவே மையத்துக்கு வந்தாள், உறையைப் பிரிக்காமல். ராஸ் ஒரு அழைப்பில் இருந்தாள். யாருடைய சமையலறையிலோ புகை. அதை முடித்து, தீயணைப்பு வண்டி போய்ச் சேரும்வரை பேசிவிட்டுத்தான் திரும்பினாள்.

"பிரி," என்றாள்.

ட்வைலா பிரித்துப் பார்த்தாள். அவள் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை.

"என்னடி, வாயில கொழுக்கட்டையா? சொல்லு."

"தப்பு அவங்க பக்கமாம். அட்டை இருக்குமாம். பழைய பிரிவுலயே, ஒரு நாள்கூட விடாம."

ராஸ் கண்ணை மூடினாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. துடைக்க அவள் கை எட்டாது. ட்வைலா தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டாள். கைசருக்கு எழுதிவைத்திருந்த அந்தக் கடிதத்தை அவள் அன்றே அழித்தாள்.

இப்போதும் அவள்தான் ஷிஃப்ட் தலைமை. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்புப் படிவம் வரும். அது வருகிற மாதத்தில் அவளோடு பேச்சுக் கொடுக்காமல் இருப்பது நல்லது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். போன வருடம் படிவத்தை நேரில் கொடுக்கப் போய், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பையனிடம் முத்திரை கேட்டாளாம். "இப்பல்லாம் ஆன்லைன்தான் மேடம், முத்திரை எதுக்கு?" என்றானாம்.

"தம்பி, நான் நாள் முழுக்க இங்கேயே உக்காந்திருப்பேன். எனக்கு நாற்காலி கூட வேண்டாம். கொண்டு வந்திருக்கேன்," என்றாளாம்.

குத்திக் கொடுத்தானாம்.