அத்தான் எழுதிய கச்சேரி விமர்சனம்

என் அக்கா கணவருக்கு லிஃப்ட் சோதிக்கும் வேலை. இருபத்தாறு வருடமாக ஊரார் ஏறி இறங்கும் பெட்டிகளில் குறை கண்டுபிடிப்பவர். அப்படிப்பட்ட மனிதரைக் கச்சேரி விமர்சனம் எழுதச் சொன்னது யார்? நான்தான். எங்கள் பகுதிக்காக நான் நடத்தும் நாலு பக்க மாதப் பத்திரிகையில் ஒரு பக்கம் காலியாகக் கிடந்தது. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

விமர்சனத்துக்கு மாட்டியவர் ஒரு பெண். தானே பாட்டெழுதி, தானே மெட்டுப் போட்டு, கிட்டார் வாசித்துப் பாடுபவர். நாற்காலிக் கடையின் மாடி அரங்கில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை பாடுவார். அறுபது பேர் உட்காரலாம். நடுவில் வரி மறந்துவிடும். சிரித்துக்கொண்டே முன்வரிசையைப் பார்ப்பார், யாராவது எடுத்துக் கொடுப்பார்கள்.

அத்தான் டார்ச்சும் கையுமாகப் போனார். விமர்சனம் ஆபீஸ் படிவத்திலேயே வந்தது.

"மூன்றாம் பாட்டு: கிளம்பும்போது குலுக்கல். ஐந்தாம் பாட்டு: உச்சத்துக்குப் போய் இறங்க மறுக்கிறது. ஏழாம் பாட்டு: இரண்டாம் சரணத்தில் வரி மறதி, பதினெட்டு விநாடி. மொத்தப் பழுது பதினொன்று. உடனே சரிசெய்யவும்."

"அத்தான், பாட்டு நல்லா இருந்துச்சா, இல்லையா?"

"அதுக்குப் படிவத்துல கட்டம் இல்ல மாப்ளே."

அப்படியே அச்சடித்தேன். படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாடகி மட்டும் சிரிக்கவில்லை. அதைக் கத்தரித்துக் கிட்டார் உறைக்குள் வைத்துக்கொண்டு, பழுதுகளை ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கினார். அத்தானும் மாதாமாதம் படிவத்தோடு போனார். அடுத்த மாதம் பழுது எட்டு, அதற்கடுத்து ஐந்து. ஏழாம் மாதம் ஒன்றுமே இல்லை. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை, என்னவோ இவரே எண்ணெய் போட்டு ஓட்டியது போல.

ஆனால் பழுது குறையக் குறைய ஆளும் குறைந்தது. அந்த ஏழாம் மாதம் வந்தவர்கள் பதினாலு பேர், அதில் நானும் அத்தானும் அக்காவும் அடக்கம். கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: அடுத்த மாதமும் இப்படியென்றால் அரங்கம் உடற்பயிற்சி வகுப்புக்கு. பாடகிக்கு வேறு இடம் இல்லை. நேராக அத்தானிடம் வந்தார்.

"சார், தூங்கிட்டீங்க."

"இல்லம்மா, கண்ண மூடி ரசிச்சேன்."

"குறட்டை மைக்ல கேட்டுச்சு சார். நீங்க சொன்னதெல்லாம் சரி பண்ணிட்டேன். அப்புறம் ஏன் யாருமே வரல?"

அத்தான் தலையைச் சொறிந்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஏழாவது பாட்டுல நீ வரிய மறந்துடுவே. நாங்க எடுத்துக் குடுப்போம். அதுக்காகவே வீட்ல மனப்பாடம் பண்ணிட்டு வருவேன்மா. இப்ப எங்களுக்கு இங்க ஒரு வேலையும் இல்ல."

"அத எழுதறதுக்கென்ன?" என்றார் பாடகி. கண் கலங்கியிருந்தது. எனக்கு அத்தான் மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தப் படிவங்களை அச்சடித்த என்மேலும்தான்.

அந்த மாதம் அத்தான் படிவத்தைத் தொடவில்லை. வெள்ளைத்தாளில் எழுதினார்: "என் அறிக்கைகள் அத்தனையும் தப்பு. அந்தப் பெண் பாடும்போது நாமும் வேண்டும். வரும் சனிக்கிழமை வந்துவிடுங்கள்." அக்கா அதை இரண்டு முறை படித்துவிட்டு, "இவருக்கு இப்படியெல்லாம்கூட எழுத வருமா?" என்றாள்.

சனிக்கிழமை அறுபது நாற்காலியும் நிரம்பி, கீழே விற்பனைக்கு வைத்திருந்த ஸ்டூல்களும் மேலே வந்தன. ஏழாம் பாட்டு, இரண்டாம் சரணம். அரங்கமே வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. பாவம், பாடகிக்கு மறக்கவே வரவில்லை. அவ்வளவு பயிற்சி! கடைசியில் வேண்டுமென்றே கிட்டாரை நிறுத்திவிட்டு அத்தானைப் பார்த்தார்.

அத்தான் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அக்கா தொடையில் கிள்ளியும் வரவில்லை. சுத்தமாக மறந்துவிட்டார்.

அரங்கமே ஒரே குரலில் எடுத்துக் கொடுத்தது. எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடியது கடைக்காரர். பாடகி சிரித்த சிரிப்பில் கிட்டார் மடியிலிருந்து நழுவியது. அத்தான் நின்றபடியே குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன், பத்திரிகை ஆசிரியர் என்பதால் மூக்கைச் சிந்துவது போல் சமாளித்துக்கொண்டேன்.