தர்ப்பை கட்டிய போனில் கிரகணம்

வயிற்றில் ஆறு மாதம். அன்று மாலை நிலா கிரகணத்தோடேயே உதிக்கும் என்றார்கள். படப்பையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில், பொழுது சாயும் முன்பே என் மாமியார் என்னை உள்ளறைக்குள் தள்ளி, தானும் உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டார். கிரகணத்தைப் பார்த்தால் பிள்ளைக்கு ஆகாதாம். எனக்கோ பள்ளிக்கூடப் புத்தகத்துப் படத்தோடு நின்றுபோன ஆசை. இந்த முறையும் போச்சே என்று அழுகையே வந்துவிட்டது.

மொட்டை மாடியிலிருந்து படம் எடுத்து அனுப்புவதாக என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அத்தைக்கு அதிலும் சந்தேகம். போன் வழியாகவும் தோஷம் இறங்கலாம் என்று, ஊறுகாய் ஜாடிக்குப் போட்டதுபோக மிச்சமிருந்த தர்ப்பையை என் போன்மேல் வைத்து ரப்பர் பேண்டு மாட்டினார்.

"இப்ப பாரு. ஒண்ணும் ஆவாது."

முதல் படம் வந்தது. தர்ப்பையை விலக்கிப் பார்த்தால் தெருவிளக்கு. இரண்டாவதில் பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் அம்சமாக விழுந்திருந்தது. மூன்றாவது நிலாதான். ஆனால் இட்லி மாதிரி வெள்ளை வெளேரென்று முழுசாக இருந்தது, கிரகணத்தின் சுவடே இல்லை.

நான் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் கேமரா சோதிக்கிற லைனில் நிற்பவள். என்னிடமா? மூன்றுக்கும் 'ரிஜெக்ட்' என்று பதில் போட்டேன். உடனே போன் அடித்தது.

"நான் இன்னா உன் லைன்லயா வேலை செய்யறேன்? இங்க கொசு புடுங்கிகினு கீது!"

"ஸ்கிரீன்ல நிலாவைத் தொட்டு விரலைக் கீழ இழுங்க, வெளிச்சம் கொறையும். சீக்கிரம், முடிஞ்சிடப் போவுது!"

அடுத்த படத்தில் ஓரம் கடித்த அப்பளமாக நிலா நின்றது. "பாஸ்!" என்று நான் போட்ட கூச்சலில் அத்தை போனைப் பிடுங்கி, தர்ப்பையை உருவிப் போட்டுவிட்டு, மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"நீங்க பாத்ததே இல்லையா அத்தை?"

"எங்க பாக்கறது? மூணு புள்ளைக்கும் என்னை உள்ள வச்சிப் பூட்டுனாங்க. அப்பால நாத்தனாருக்குக் காவல். இப்ப உனக்குக் காவல்."

மறுபடி படத்தைப் பார்த்தார். கோபத்தில் மூச்சு வாங்கியது.

"இவ்ளோதானா? இதுக்கா?"

தாழ்ப்பாளைப் படாரென்று திறந்தார்.

"ஏந்துரு. அது முழுசாவறதுக்குள்ள மேல போவலாம். படி பாத்து ஏறு, புள்ளத்தாச்சி."