அடிக்காய் பார்க்காத மருந்து

முத்துப்பேச்சி என் மனைவி. போடியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் இருபத்திரண்டு ஆண்டுகள் காய் தரம் பிரித்தவள். போடிமெட்டு மலையிலிருந்து இறங்கி வரும் மூட்டையின் மேல்காயை அவள் நம்பியதே இல்லை. தோள்வரை கையை உள்ளே விட்டு அடிக்காயை எடுத்துப் பார்த்த பிறகே தரம் சொல்வாள். சென்ற ஆண்டு, நல்ல காயில் சொத்தையைக் கலந்தாள் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விசாரணை நடத்தப்படவில்லை. அவளை நிறுத்திய கடிதம், இதற்காக நான் சேர்த்துவரும் கோப்பில் முதல் தாளாக இருக்கிறது.

அதன்பின் அவள் சோற்றைத் தொடவில்லை. பகலெல்லாம் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். தேனி மருத்துவர் மனச்சோர்வு என்று எழுதி மாத்திரை கொடுத்தார். நான்கு மாதத்தில் தானாகத் தலைவாரிக்கொள்ளும் அளவுக்குத் தேறினாள்.

அப்போது நாட்டுமருந்துக் கடைக்காரர் பெத்துராஜ் ஒரு மூலிகைக் குப்பியையும் செய்தித்தாள் நகல் ஒன்றையும் தந்தார். அந்த மூலிகைச் செடியிலிருந்து பிரித்தெடுத்த பொருள், ஓயாத மன நெருக்கடியால் மூளையில் உண்டாகும் அழற்சியைத் தணித்து மனச்சோர்வைக் குறைக்கக்கூடும் என்றது அச்செய்தி. முத்துப்பேச்சி என்னிடம் சொல்லாமலே மாத்திரையை விட்டுவிட்டுக் குப்பிக்கு மாறினாள். மாத்திரை அட்டையை எண்ணும் பழக்கத்தால் ஒன்பதாம் நாள் கண்டுபிடித்தேன். அதற்குள் அவள் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தாள்.

நகலின் கீழ்விளிம்பு கோணலாக முடிந்திருந்தது என்னை உறுத்தியது. நூலகத்தில் பழைய நாளிதழ்க் கட்டைப் புரட்டி முழுச் செய்தியையும் எடுத்தேன். நகலில் இல்லாத கடைசிப் பத்தி, சோதனை எலிகளிடம் மட்டுமே நடந்தது என்றது. குப்பி தயாரிக்கும் கம்பெனி அனுப்பியபடியே கொடுத்ததாகப் பெத்துராஜ் சொன்னார். அதையும் தேதியிட்டுக் குறித்துக்கொண்டேன்.

இரண்டு தாள்களையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"மேல்காயத்தான் காட்டியிருக்கான்," என்றாள். "அடியில சொத்தைனு நான் சொல்லல. அடிவரைக்கும் இன்னும் யாரும் கைய விடல."

மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டேன். மாத்திரையை உடனே தொடரச் சொன்னார். நான் நீட்டிய மாத்திரையை அவள் வாங்கவில்லை. அதன் பெட்டிக்குள்ளும் ஒரு தாள் இருக்குமே என்றாள்.

இருந்தது, ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். அகராதியை வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினேன். குமட்டல், தலைச்சுற்றல், தூக்கமின்மை என்று பட்டியல் நீண்டது. பயந்து மறுத்துவிடுவாளோ என்று இரண்டு வரிகளைத் தாண்டினேன். அவள் கண் என் விரல்மீது இருந்தது.

"மாத்திரய எண்ணுற ஆளுதானே, வரியையும் எண்ணி வாசிங்க."

திரும்பப் போய், ஒரு வரி விடாமல் அடிவரை வாசித்தேன்.

"சரி, தண்ணி கொண்டாங்க," என்றாள்.