பதினான்காம் அறையின் பதில்

இதை நம்பித்தான் ஆகவேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் நடந்தது. பேய் என்றால் நள்ளிரவும் ஊளையிடும் நாயும் வேண்டும் என்பவர்கள் மன்னிக்க வேண்டும். இது பட்டப்பகலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் அலுவலகத்தில், குழல்விளக்கு வெளிச்சத்தில் நடந்தது. நடந்தது மின்னலுக்கு.

மின்னல் என்பது நாங்கள் வைத்த பெயர். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி எப்போதும் பறப்பான். எதிராளி பேசி முடிக்கும்வரை அவன் காத்திருந்ததாகச் சரித்திரமே இல்லை. ஒரு முதியோர் இல்லத்துக்கு அழைப்பு மணி செய்து கொடுத்தோம். அதற்குள் ஓடும் மென்பொருள் அவன் எழுதியது. வரவேற்பறையில் இருக்கும் தலைமைப் பெட்டி, பதினான்கு அறைப் பெட்டிகளையும் வரிசையாகக் கூப்பிடும்: "இருக்கிறாயா?" பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுவது போலத்தான். அறைப் பெட்டி "இருக்கிறேன்" என்று சொல்லும். யாராவது பொத்தானை அழுத்தியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லும். குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால், ஆள் இல்லை என்று தலைமைப் பெட்டி அடுத்த அறைக்குப் போய்விடும்.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை முடிவு செய்தவன் மின்னல்.

முதலில் அரை நொடி வைத்திருந்தான். பதினான்காம் அறைதான் கடைசி. இரண்டு இணைப்புப் பெட்டிகளைத் தாண்டி வரவேண்டியிருந்ததால் அதன் பதில் மட்டும் தாமதமாகும். அதற்காக மொத்த வரிசையும் திணறியது. மேலாளர் கத்தினார். மின்னல் அந்த அரை நொடியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தான். "பதில் இல்லை" என்று கூவும் எச்சரிக்கை ஒலியையும் அணைத்தான். மற்றதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டான்.

அந்தக் கடைசி அறையில் இருந்தது யார் தெரியுமா? அவனுடைய பெரியம்மா. அவனை வளர்த்தவர்.

மூன்று வாரம் கழித்து அவர் அறையில் கீழே விழுந்தார். பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மணி அடிக்கவில்லை. காலையில் வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"பெட்டி பழுது," என்றான் மின்னல். எல்லோரிடமும் அதையே சொன்னான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். பெரியம்மாவின் மகள், அவனுடைய அக்கா, அவன் தோளில் சாய்ந்து அழுதபோதும் அதையேதான் சொன்னான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

அவன் கேட்டிருந்தபடி, இல்லத்திலிருந்து பதினான்காம் அறைப் பெட்டி வந்து சேர்ந்தது. யாரும் இல்லாத நாளாகப் பார்த்து அலுவலகம் வந்தான். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் பெட்டி நிஜமாகவே பழுதாக இருக்க வேண்டும். இருந்துவிட்டால் அவன் சொன்னது பொய்யில்லை.

மணி 2.10. பெட்டியைக் கையில் எடுத்தான். தக்கையாக இருந்தது. இவ்வளவு லேசாகவா செய்தோம் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குமேல் யோசிக்கவில்லை. வயரைச் சொருகினான். மடிக்கணினியிலிருந்து அதைக் கூப்பிட்டான்.

அரை நொடி. பதில் இல்லை.

இரண்டு நொடி. இல்லை.

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பெரியம்மாவைக் கைவிட்ட பெட்டி செத்துக் கிடப்பதில் அவனுக்குச் சந்தோஷம்... அதை நினைத்தபோதே கூசிப் போனான்.

மடிக்கணினியை மூடப் போனான்.

டிக்.

பெட்டியின் பச்சை விளக்கு மினுங்கி அணைந்தது.

காத்திருக்கும் நேரத்தை ஐந்து நொடியாக வைத்தான். ஆறாவது நொடியில்... டிக். பத்து வைத்தான். பதினொன்றாவதில்... டிக். அவன் காத்திருப்பதை நிறுத்தும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் பதில் சொன்னது.

பாக்கி இருந்தது ஒன்றுதான். பூஜ்யம். அதை வைத்தால், எவ்வளவு நேரமானாலும் பதில் வரும்வரை காத்திருக்கும்.

வைத்தான்.

2.26... 2.40...

கைபேசி அடித்தது. அக்கா.

"டேய், ஒண்ணு கேக்கணும். பெட்டி பழுதுதானே?"

"ஏன்க்கா?"

"அம்மா பட்டனை அமுக்காமலே கிடந்துட்டாங்களோன்னு... யாருக்கும் தொந்தரவு வேண்டாம்னு. எனக்குத் தூக்கமே வரலடா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"பழுதுதான்க்கா."

டிக்.

சிவப்புப் பொத்தான் தானாக உள்ளே போயிருந்தது.

திரையில் ஒரு வரி.

அறை 14. இருக்கிறேன். பொத்தான் அழுத்தப்பட்டுள்ளது.

"என்னடா அது சத்தம்?" என்றாள் அக்கா.

டிக்... டிக்... டிக்...

ஓடினான்.

திங்கள் காலை, நடந்ததையெல்லாம் எங்களிடம் சொல்லிவிட்டு, எங்கள் முன்னால்தான் இல்லத்து எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டான்.

"நானே சொல்லணும்னு இருந்தேன் சார். மூணாம் ரூம் பெட்டி போயிடுச்சு. அதான் பதினாலுல இருந்த சர்க்யூட்டைக் கழட்டி அதுல மாட்டிட்டேன். அருமையா வேலை செய்யுது. நீங்க பெட்டியை அனுப்பச் சொன்னீங்களேன்னு வெறும் டப்பாவும் பட்டனும் அனுப்பினேன். உள்ள ஒண்ணும் கிடையாது."

அப்படியென்றால் பெட்டி பழுதே இல்லை. அவன் குறைத்து வைத்த நேரம்தான் பழுது.

டப்பாவைத் திறந்தோம். காலி. பொத்தான் மட்டும் உள்ளே போனது போனபடியே இருந்தது. நான் நெம்பிப் பார்த்தேன். வெளியே வரவில்லை.

மின்னல் அக்காவைக் கூப்பிட்டான். அவள் எடுத்தாள். இவனுக்குக் குரல் வரவில்லை.

"டேய்... இருக்கியா?"

உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

அவள் போனை வைக்கவில்லை. காத்திருந்தாள்.