பூஜையில் வைத்த உலை

ஆனந்தவல்லிக்குச் சாமி பக்தி கொஞ்சம் தூக்கல். அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அப்பாவுக்குப் புனே பக்கம் கட்கி ஆயுதத் தொழிற்சாலையில் வேலை, பூர்வீகம் ஆம்பூர். வீட்டில் திருப்புளிக்குக்கூடப் பொட்டு வைப்பார்கள். டிப்ளமா முடித்து, 1996இல் அதே புனேயின் சிஞ்ச்வட்டில், எஃகைக் காய்ச்சிப் பதமேற்றும் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையின் சோதனைக்கூடத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தாள். இரும்புத் துண்டைக் கண்ணாடி மாதிரித் தேய்த்து, அமிலத்தில் முக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். தனக்கு நடந்ததை இரும்பு ஒளிக்காமல் சொல்லிவிடும். மனுஷர்கள்தான் மென்று முழுங்குவார்கள்.

உலையைப் பார்த்துக்கொண்டவர் சின்னதுரை. வேலூர்க்காரர், நாற்பது தாண்டியவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்களுக்கு அப்பா. வண்டிகளுக்குப் போகும் ஷாஃப்டுகள் என்ற எஃகுத் தண்டுகளை எண்ணூற்றைம்பது டிகிரியில் காய்ச்சி எண்ணெய்த் தொட்டியில் இறக்குவார். மெதுவாக ஆறவிட்டால் எஃகு சாவகாசமாக மிருதுவான அமைப்புக்கு மாறிவிடும். சட்டென்று குளிர்ந்தால் அதற்கு ஏது நேரம்? உள்ளிருக்கும் கரி நகர வழியில்லாமல் மாட்டிக்கொள்ள, ஊசி ஊசியாக மார்ட்டன்சைட் உருவாகும். கடினம் என்றால் அப்படிக் கடினம். ஆனால் உள்ளே ஒரே இழுபறி. அதனால் சூட்டோடு சூடாக டெம்பரிங் உலையில் வைத்து, முந்நூறு டிகிரியில் அந்த இழுபறியைத் தணிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்கக் கூடாது என்பது பட்டறைச் சட்டம்.

1998 ஆயுத பூஜையன்று அந்தச் சட்டம் காற்றில் பறந்தது. டெம்பரிங் உலை காலியாக இருந்ததால் ஆனந்தவல்லி அதற்குத்தான் முதலில் சந்தனம், குங்குமம் வைத்துச் சாமந்தி மாலை போட்டாள். மராத்திக்காரர்களும் கண்டே நவமி என்று பூப்போட்டு, பேடா வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். மூன்று மணிக்கு எண்ணெயிலிருந்து நாற்பது ஷாஃப்டுகள் வெளியே வந்தன. இதை டெம்பரில் போட வேண்டுமே என்றார் சின்னதுரை.

"பூஜையில வெச்சதை இன்னிக்குத் தொடக் கூடாதுண்ணே. காலையில மறுபூஜை பண்ணிட்டு மொத வேலையா போட்டுக்கலாம்."

படித்த பெண் சொல்கிறாள் என்று அவரும் விட்டுவிட்டார். காலையில் பத்து மணிக்குத்தான் உலை எரிந்தது.

பத்து நாளில் வாடிக்கையாளரிடமிருந்து பன்னிரண்டு ஷாஃப்டுகள் திரும்பி வந்தன, எல்லாவற்றிலும் மயிரிழை வெடிப்பு. மேனேஜர் ஜோக்லேக்கருக்கு ஒரே முடிவுதான்: லீவு அவசரத்தில் சின்னதுரை சூட்டை ஏற்றிவிட்டார். சோதனைக்கூட அறிக்கையும் அதையே சொன்னால் சனிக்கிழமையிலிருந்து அவருக்கு வேலை இல்லை. வெள்ளிக்குள் அறிக்கை வேண்டும் என்றார்.

ஆனந்தவல்லி ஒரு ஷாஃப்டை அறுத்துப் பார்த்தாள். உலையில் சூடு ஏறியிருந்தால் எஃகுக்குள் இருக்கும் மணிகள் பருத்திருக்கும். இங்கே பொடிப்பொடியாக இருந்தன. வெடிப்போரம் கரி இழந்து வெளுக்கவில்லை, அதனால் காய்ச்சும் உலைக்கு வரும்போதே இருந்த வெடிப்பு அல்ல. வெடிப்பைப் பிளந்தாள். உள்முகம் முழுக்க நீலம். டெம்பரிங் சூட்டில் காற்றுப் பட்டால் ஏறும் நீலம் அது. டெம்பருக்குப் போகும் முன்பே வெடித்திருக்கிறது. எண்ணெயும் சுத்தம், அதே எண்ணெயில் மறுநாள் இறக்கி உடனே டெம்பர் செய்தவற்றில் ஒரு கீறல் இல்லை. மிச்சமிருந்தது அந்த ஒரு ராத்திரிதான். மாலை போட்டது தன் கை அல்லவா!

சின்னதுரையைத் தேடிப் போனாள். அன்றைக்கு என்ன நடந்தது என்று மேனேஜர் துருவித் துருவிக் கேட்டும் அவர் அவள் பேரை எடுக்கவில்லையாம்.

"ஏண்ணே என்னைச் சொல்லல?"

"நீ சொன்னே, நான் கேட்டேன். மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் இல்லையா? தீபாவளிக்கு உனக்கு பர்மனென்ட் ஆர்டர் வருது. கம்னு இரு."

கம்மென்று இருந்தால் இருந்திருக்கலாம். உலைச் சூடு ஏறியிருந்தது என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்தக் கட்டடத்தில் மைக்ராஸ்கோப் பார்க்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எப்பேர்ப்பட்ட வசதி, பாருங்கள். நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. மணி, நீலம், எண்ணெய் எல்லாம் எழுதி, கடைசியில் எழுதினாள்: உலையை மறுநாள் வரை பற்றவைக்க வேண்டாம் என்று ஆபரேட்டரிடம் சொன்னது நான்.

ஜோக்லேக்கர் இரண்டு தடவை படித்தார். கடைசி வரி இல்லாமலும் அறிக்கை நிற்குமே என்று இந்தியில் கேட்டார். நிற்கும், ஆனால் சின்னதுரை வேலையில் நிற்க மாட்டார் என்றாள். சின்னதுரைக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று. தீபாவளிக்கு அவளுக்கு ஆர்டர் வரவில்லை. இன்னும் ஒரு வருஷம் தற்காலிகம் என்றார்கள். வீட்டில் அம்மா அழுதாள். அவளும்தான் அழுதாள், லோக்கல் ரயிலில், துப்பட்டாவை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு.

மறுவருஷம் ஆயுத பூஜை. எல்லா இயந்திரங்களும் நின்று மாலையோடு இருந்தன, டெம்பரிங் உலை ஒன்றைத் தவிர. அதற்குள் கடைசி ஷாஃப்டுகள் வெந்துகொண்டிருந்தன. சின்னதுரை சூடத்தட்டோடு வந்து நின்றார். உலைக்கு மட்டும் இன்னும் பொட்டு வைக்கவில்லை.

"இன்னும் நாப்பது நிமிஷம் ஆகும்ணே," என்றாள் ஆனந்தவல்லி, தயக்கத்தோடு.

"ஆகட்டும். சாமி எங்க போயிடப் போவுது?"

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த ஸ்டூலை அவளுக்கு இழுத்துப் போட்டார்.